சாமி கும்பிடாதவர் வைத்த விளக்கு

வெள்ளியங்கிரி சார் இறந்துவிட்ட செய்தியை அவருடைய மகள் மலர்விழிதான் எனக்குச் சொன்னாள். பெங்களூரிலிருந்து பேசினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் அவளுக்குப் போன் செய்தாராம். "நாங் கெளம்பிட்டேனுங் டீச்சர். வந்து சேர நேரமாயிருமுங். அதுவரைக்கும் அம்மாகூட இருக்கறீங்களா?" என்று கேட்டாள். இறந்தவரின் மகளிடம் என்ன பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போய்வந்தவள் நான். ஆனால் என் வாயில் வந்தது, "பொழுதோட அம்மாவுக்கு வெளக்கு யாரு கண்ணு வெப்பாங்க?" என்பதுதான். அதுவரை அழாமல் பேசிக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் அழுதாள்.

நம் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் படித்த யாரும் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். விடுமுறை நாளென்றால் கறுப்புச் சட்டை, பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்'. கோபம் வந்தால்கூட மாணவர்களை 'வாங்க, போங்க' என்றுதான் திட்டுவார். கடவுள் இல்லை என்பதையும் அதே மரியாதையோடு சொல்வார். அப்படிப்பட்டவர் வீட்டில் சாமி விளக்கைப் பற்றி நான் ஏன் கேட்டேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அவர் கடைசிக் காலத்தில் பக்தராகிவிட்டார் என்று சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொள்கையை விட்டுவிட்டார் என்று வேறு சிலர். இரண்டும் தப்பு. இரண்டையும் சொல்லித் திரிகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கணக்கு டீச்சர். கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிறவள். ஆசிரியர் அறையில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் இல்லாத நாளே கிடையாது. திருநீற்றுக் கீற்றும் குங்குமமுமாக நான் உள்ளே நுழைந்தால், "ஏனுங் டீச்சர், நெத்தியில ஒரு நேர்கோடு, ஒரு புள்ளி. கணக்கு எங்கீங்?" என்பார். நானும் விடமாட்டேன். "சிவன் மலை பேர வெச்சுக்கிட்டு நீங்க இதெல்லாம் பேசக் கூடாதுங்க சார்" என்பேன். "பேரு எங்கப்பன் வெச்சதுங். நாத்திகம் நானா வெச்சுக்கிட்டதுங்" என்று சிரிப்பார். பணி ஓய்வு வரைக்கும் இந்தச் சண்டை முடியவில்லை. அதற்கப்புறம் போத்தனூரில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்ததால் காய்கறிக் கடையில் வைத்துத் தொடர்ந்தோம்.

ஆயுத பூஜைக்கு எல்லா வகுப்பு அலமாரிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் பள்ளியில் வழக்கம். ஆய்வகத்துக்கு வரும்போது அவர் கதவில் நின்றுகொள்வார். "மேசைக்கு வைங்க, கதவுக்கு வைங்க, எனக்குக்கூட வைங்க, தொடச்சுக்கறேன். தராசுக்கு மட்டும் வேண்டாமுங். பொட்டு வெச்ச தராசு பொய் சொல்லுமுங்" என்பார். பொரியும் கடலையும் முதல் ஆளாக வாங்கிக்கொள்வார். பொய் என்பது அவருக்கு அவ்வளவு ஆகாது. தேர்ச்சி விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதலாமே என்று ஒருமுறை மேலிடத்தில் கேட்டபோதுகூட, அதே மரியாதையோடு முடியாது என்றுவிட்டு வந்தார்.

அவர் மனைவி கருணாம்பாள் நேர்மாறு. போத்தனூரில் வீடு கட்டும்போது பூஜை அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் சண்டை பிடிக்கவில்லை. கூடத்தில் கிழக்குப் பார்த்த சுவரில் பாத்திரங்களுக்கென்று விட்டிருந்த ஒரு அலமாரியைக் கழுவிக் கோலம் போட்டுச் சாமி அலமாரி ஆக்கிக்கொண்டார். பிள்ளையார், மருதமலை முருகன், படுத்திருக்கும் ஆனைமலை மாசாணியம்மன் ஆகிய மூன்று படங்கள். ஒரு காமாட்சி விளக்கு. தண்ணீர் வைக்க ஒரு சொம்பு. வெள்ளகோவில் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து எடுத்துவந்த பிடிமண் கொண்ட ஒரு பித்தளைச் சம்படம். அவ்வளவுதான். "இதுக்கு மேல படம் வாங்க மாட்டனுங்க டீச்சர். தொடைக்க முடியற அளவுக்குத்தான் சாமி வெச்சுக்கோணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என் வீட்டுப் பூஜை அறையில் காலண்டர் படங்கள் ஆணி கொள்ளாமல் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

கணவன் மனைவிக்குள் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்று இருந்தது. சார் அலமாரிப் பக்கம் வரமாட்டார். கருணாம்பாள் கணவர் போகும் கூட்டங்களைப் பற்றிக் கேட்க மாட்டார். அலமாரிக்குப் பூக் கொடுத்த செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் தண்ணீர் ஊற்றியது மட்டும் சார்தான். செடிக்கு எந்தக் கட்சியும் இல்லையாம்.

பிறகு கருணாம்பாளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் ஆட்கள். விளக்கு வைத்ததை மறந்து மறுபடி மறுபடி எண்ணெய் ஊற்றி, ஒருநாள் தீ வழிந்து கையைச் சுட்டுக்கொண்டார். நெருப்புப் பக்கமே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் தீப்பெட்டியை ஒளித்துவைத்தார். அன்று சாயங்காலமே தொல்லை ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் கருணாம்பாள் பையில் ஒரு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "நானு எங்கூட்டுக்குப் போறனுங்க. இங்க வெளக்கு வெக்கல. வெளக்கு வெக்காதது எங்கூடு இல்லீங்க" என்பார். கணவரை மறந்தாலும் மறப்பார், விளக்கை வைத்துத்தான் அவருக்கு வீடு அடையாளம் தெரிந்தது. ஒருநாள் கண் அசந்த நேரத்தில் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார். தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தவரை ஒரு போர்ட்டர் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். 

அலமாரிக்குள் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு மாட்டினார். கருணாம்பாள் அதைப் பார்த்துவிட்டு, "இது கரண்டுங்க. வெளக்கு எங்கீங்க?" என்று கேட்டாராம். மறுநாள் காலையில் என் வீட்டுக் கேட்டில் சார் நின்றார். "டீச்சர், சாமி வெளக்கு எப்படிங் வெக்கறது?" என்றார். வழக்கமான கிண்டல் என்று நினைத்து, "ஏனுங்க சார், கூட்டத்துல பேசறதுக்கு உதாரணம் தேடறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பூஜை அறை வாசலில் நின்றார். நான் செய்து காட்டினேன். விளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், திரியை எப்படித் திரிக்க வேண்டும், எண்ணெய் எவ்வளவு, பொட்டு எங்கெங்கே என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பாடம் கேட்கும் பையனைப் போல இடையிடையே சந்தேகம் வேறு. வியாழக்கிழமையே விளக்கைத் துலக்கிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை துலக்கக் கூடாது என்றேன். "ஏனுங்?" என்றார்.  "கருணாம்பாள் அப்படித்தான் செய்வாங்க" என்றேன். "அப்பச் சரிங்" என்று தலையாட்டினார்.

ஏற்றச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, அமர்த்துவது எப்படி என்று சொல்ல மறந்துவிட்டேன். பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவோம் இல்லையா? அவருக்கு அது எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கை வாயால் ஊதக் கூடாது, மூடிதான் போட வேண்டும் என்று எத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர். காமாட்சி விளக்கின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். கருணாம்பாள் பதறிப்போய், "அய்யோ, கோழிக்குஞ்சப் பஞ்சாரத்துல கவுத்தறதாட்ட அம்மனக் கவுத்துப்போட்டீங்களே!" என்றாராம். "அணைச்சேன் கருணா. ஆக்சிஜன் தீந்தா அணைஞ்சுரும்" என்று இவர் விளக்கம் சொல்ல, அதைவிடப் பெரிய அழுகை. "அணைச்சேன்னு சொல்லாதீங்க. குளிர வெச்சேன்னு சொல்லுங்க."

இதை என்னிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? "அணைச்சேன்னாலும் குளிர வெச்சேன்னாலும் நடக்கறது ஒண்ணுதானுங். சூடு எறங்குது. அதனால அது பொய்யில்லீங்" என்றார். பொய்யில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அன்றிலிருந்து, "வெளக்கு வெச்சாச்சு கருணா", "வெளக்கு குளிர வெச்சாச்சு கருணா" என்று இரண்டு வாக்கியமும் அந்த வீட்டில் தினமும் ஒலித்தன.

நான் சில சாயங்காலங்களில் பூவோடு போவேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு அறை மேற்பார்வைக்கு நிற்கிறவர் மாதிரிதான் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருமுறைகூடக் கை கூப்பியதில்லை. நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். புளி போட்டு விளக்கைத் துலக்குவதில் மட்டும் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. "டார்டாரிக் அமிலம் டீச்சர். பாருங், எப்படிப் பளிச்சுன்னு ஆச்சு" என்று காட்டுவார். பொட்டு வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆய்வகத்தில் பியூரெட் குழாயில் சொட்டு விடுகிறவர் போல வைப்பார். கருணாம்பாள் பார்த்துக்கொண்ட காலத்தில்கூட அந்த அலமாரி அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சுத்தம்தான் ஒருநாள் வினையாகிப்போனது. படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தவர், பித்தளைச் சம்படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே காய்ந்த மண். எப்படியோ தூசி சேர்ந்துவிட்டது என்று நினைத்துச் செம்பருத்திச் செடிக்குக் கொட்டிவிட்டு, சம்படத்தைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டார். அலமாரிப் பக்கமே வராமல் இருந்த மனிதருக்குப் பிடிமண் அங்கே இருப்பது தெரியாது. சாயங்காலம் அதில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வது கருணாம்பாளின் வழக்கம். எத்தனையோ மறந்தவர் அதை மறக்கவில்லை. சம்படத்தைத் திறந்தவர், "எங்க சாமியக் காணமுங்க" என்று வீடு முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சார் என்னிடம் ஓடிவந்தார். அவ்வளவு கலங்கிப்போய் நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. "தோட்டத்துலயே ஒரு பிடி மண்ண எடுத்துப் போட்டு வெச்சுருங்க சார். உங்களுக்கு எல்லா மண்ணும் ஒண்ணுதானே? அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றேன். சாமி கும்பிடுகிற நான் சொன்ன யோசனை இது.  "எனக்கு ஒண்ணுதானுங் டீச்சர். அவளுக்கு ஒண்ணில்லீங்களே. வெவரம் தெரியாதவங்ககிட்டப் பொய் சொல்றது ரொம்ப ஈஸிங். அதனாலயே சொல்லக் கூடாதுங்" என்றார்.

மறுநாள் கருணாம்பாளை என் பொறுப்பில் விட்டுவிட்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினார். இளவயதில் போவதை விட்டுவிட்ட கோயிலுக்குப் பேருந்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போனார். அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மாரப்பன், அண்ணனைக் கோயில் வாசலில் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். பூசாரி மண்ணைக் கொடுத்துத் திருநீறும் கொடுக்க, "மண்ணு மட்டும் போதுமுங்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் இருக்கும்போதே மனைவியின் முன்னால் உட்கார்ந்தார். "கருணா, பழைய மண்ண நாந்தான் தெரியாமச் செடிக்குக் கொட்டிப்போட்டேன். இது கோயில்ல இருந்து புதுசாக் கொண்டாந்தது" என்றார். கருணாம்பாள் மண்ணை முகர்ந்து பார்த்தார். "அதுக்கென்னுங்க, செடியும் நம்முளதுதானுங்க" என்றார். அடுத்த நாள் அவருக்கு அது மறந்துபோயிற்று. 'மண்ணு புதுசாட்ட இருக்குதே' என்று கேட்கும்போதெல்லாம் சார் அதே தப்பைத் திரும்ப ஒப்புக்கொள்வார். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

அண்ணன் குலதெய்வக் கோயிலுக்கு வந்துபோன செய்தியை மாரப்பன் சொந்தபந்தமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அது சுற்றிச் சுற்றிச் சாரின் கொள்கை நண்பர்களிடமும் போய்ச் சேர்ந்தது. கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றுபோனது. அது அவரை வருத்தியது. வெளியே சொல்லமாட்டார். ஒருநாள் பழைய நண்பர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், சார் எழுந்து விளக்கு வைத்ததைப் பார்த்ததும், "இத நாங்க எப்படிங்க எடுத்துக்கறது?" என்று கேட்டார். சார் குரலை உயர்த்தவில்லை. "இந்த ஊட்டுல ரெண்டு பேரு இருக்கறமுங். ஒருத்தரு நம்பறதில்ல. ஒருத்தரு நம்பறாங்க. நம்பறவங்களுக்குக் கை நடுங்குதுங். நம்பாதவனுக்குக் கை நல்லா இருக்குது. அவ்வளவுதானுங்" என்றார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

இப்போது அவர் இறந்த நாளுக்கு வருகிறேன். நான் போனபோது அக்கம்பக்கத்தார் கூடத்தில் ஐஸ் பெட்டி வைத்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். கருணாம்பாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தூங்கட்டுமுங்க. வெயில்ல அலைஞ்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாரப்பன் வெள்ளகோவிலிலிருந்து வந்து சேர்ந்தார். வந்ததும் சாமி அலமாரியின் கதவைச் சாத்தி ஒரு துண்டைக் கட்டினார். அண்ணன் தலைமாட்டில் ஒரு அகல் விளக்கு ஏற்றினார். அதெல்லாம் முறைதான், என் வீட்டில் இறப்பு என்றாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

பொழுது சாய்ந்தது. "ஏனுங்க, வெளக்கு வெக்கலீங்களா?" என்று கருணாம்பாள் ஆரம்பித்தார். "இன்னிக்கு வெக்கக் கூடாதுங்க அண்ணி, தீட்டு" என்றார் மாரப்பன். தலைமாட்டு விளக்கைக் காட்டினோம். "இது யாரு ஊட்டு வெளக்குங்க? எங்குளுது அலமாரியில இருக்குமுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்டில் வைத்து நான் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். "உடுங்க, எங்கூட்டுக்குப் போறனுங்க" என்று திமிறினார். துண்டை அவிழ்த்து அந்தக் கதவைத் திறந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். செத்தவர் கிடக்கும்போது அதைத் திறக்க என் கை துணியவில்லை. மலர் வந்து சேரும்போது அவள் அம்மா அழுது ஓய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் மின்மயானத்தில், அவர் சொல்லியிருந்தபடியே, சடங்கு எதுவும் இல்லாமல் முடிந்தது. "அண்ணன் சொன்னது சொன்னதுதானுங்" என்று மாரப்பனும் ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் கருணாம்பாள் பையை எடுத்ததும், மலர் அலமாரியில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் போனாள். மாரப்பன் எழுந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல அவர். பயந்திருந்தார். "அம்மணி, தீட்டோட வெளக்கு வெச்சா குலதெய்வத்துக்கு ஆகாது. உன்ற அம்மாவுக்கே அது நல்லதில்ல கண்ணு. காரியம் கழியட்டும்" என்றார்.

மலர் துண்டைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். "சித்தப்பா, அப்பா என்னிக்குங்க சாமிக்கு வெளக்கு வெச்சாரு? அம்மாவுக்குத்தான் வெச்சாரு. நானும் அம்மாவுக்குத்தான் வெக்கறனுங்க. அம்மா எங்கியாச்சும் தண்டவாளத்துப் பக்கம் போயிட்டா, எந்தக் காரியம் பண்ணி அதக் கழிக்கறதுங்க?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எனக்கும் வெக்கத் தெரியாதுங் டீச்சர். எப்படின்னு சொல்லுங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே சாமி விஷயம் தெரிந்தவள் என்று பேர் வாங்கியிருந்தவள் நான். முறைப்படி இது தப்பு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. "மொதல்ல எண்ணெய் இருக்குதான்னு பாரு கண்ணு" என்றேன். மாரப்பன் வெளியே போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். மலர் விளக்கு வைத்தாள். முதல் குச்சி அணைந்து, இரண்டாவதில் பற்றியது. கருணாம்பாள் பையைக் கீழே வைத்துவிட்டு அலமாரி முன் உட்கார்ந்தார். சம்படத்தைத் திறந்து விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாரப்பன் உள்ளே வந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.  அதன் பிறகு ஒருநாளும் அவர் தடுக்கவில்லை.

காரியத்தன்று உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு மட்டும் போடலாம் என்று மலர் சம்மதித்தாள். மாரப்பன் அண்ணனின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு, மேலே மாலை. அதை நேராகக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில், மாசாணியம்மன் பக்கத்தில் வைத்தார். "இந்த அலமாரிய எங்கண்ணன் எப்படிப் பாத்துக்கிட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு இருக்க வேண்டிய எடம் இதுதானுங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எல்லாருக்கும் கண் கலங்கியது. இறந்தவர் படத்தைச் சாமியோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று வழக்கமாகச் சட்டம் பேசுகிற நானே, இவருக்குத் தகும் என்று நினைத்துக் கை கூப்பிவிட்டேன். மலர் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சித்தப்பாவின் அழுகையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள்.

அப்போது கருணாம்பாள் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அலமாரி முன் நின்று படத்தை உற்றுப் பார்த்தார். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். படத்தைக் கையில் எடுத்து, முந்தானையால் அந்தச் சந்தனப் பொட்டை அழுத்தித் துடைத்தார். "இங்க வெக்காதீங்க. இவரு சாமி கும்பிட மாட்டாருங்க. பாவம், சங்கடப்படுவாரு" என்றார். படத்தை மலர் கையில் கொடுத்து, "அவரு சேர்ல வெய்யி அம்மணி" என்றார்.

 மாரப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் பேரை மறந்தவர், சாப்பிட்டதை மறந்தவர், கணவர் இறந்ததே தெரியாதவர், அவர் கும்பிடாதவர் என்பதை மட்டும் மறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் மறந்திருந்தோம். மறு நிமிடமே, "எங்க போயிருக்காருங்க? பொழுதாச்சே, இன்னும் காணமே" என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மலர் இப்போது போத்தனூர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பொழுதோடு விளக்கு வைக்கிறாள். அவள் கும்பிடுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

நண்பர்களே, அவரை ஆன்மிகத்துக்கு வந்தவராக நினைத்து விபூதி பூசாதீர்கள். கொள்கை மாறியவராக நினைத்துக் கணக்கிலிருந்து அடிக்கவும் செய்யாதீர்கள். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு சாயங்காலம் கருணாம்பாள் விளக்குக்கு முன் உட்கார்ந்து, மகளுக்கு, மழைக்கு, சாரின் முட்டிவலிக்கு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் ஏதாச்சும் கேளுங்க" என்று கணவரையும் கூப்பிட்டார். "நான் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல கருணா. நீ கேளு, நான் நிக்கறேன்" என்றார் அவர். என் வாழ்நாளில் எத்தனையோ சன்னிதிகளில் நின்றிருக்கிறேன். ஒன்றுமே கேட்காமல் தினமும் விளக்கு வைத்த ஒரே ஆளாக நான் பார்த்தது சாமி இல்லை என்றவரைத்தான். இப்போது என் வீட்டில் விளக்கு வைத்துவிட்டு, எதையும் கேட்காமல் நின்று பார்க்கிறேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போகிறது. அப்புறம் என்னையறியாமல், கருணாம்பாள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன்.